குட்டி யானையில் ஷோபான்!

எங்க காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல கீபோர்டு வாசிக்கிறவங்களுக்கு ரெண்டே வேலைதான். சீஃப் கெஸ்ட் மேடை ஏறினா மாஸா ஒரு பிட்டு. ஃபேர்வெல் ஸ்பீச்சில் ஃபைனல் இயர் அண்ணன் யாராவது கண்ணைத் துடைச்சா சோகமா ஒரு பிட்டு. ரெண்டு வருஷமா அந்த மாபெரும் பொறுப்பை ஏற்று நடத்தியது சாட்சாத் நானேதான்! 61 கட்டை கீபோர்டு, சுருதி மாத்த ஒரு பட்டன், பின்னாடி தானா தட்டுற ரிதம்... இது போதாதா? நானும் ஒரு மியூஸிஷியன்னு காலரைத் தூக்கிவிட்டுத் திரிஞ்சேன். (சுடிதாருக்கு ஏது காலர்னு யாரும் கேட்கப்படாது.)

நாலாவது செமஸ்டர் எக்ஸாம் சமயம். ராத்திரி ரெண்டு மணி. தூக்கம் வராம இருக்க யூடியூபில் ‘படிக்கும்போது கேட்கும் இசை’னு மூணு மணி நேர வீடியோ ஒண்ணை ஓட விட்டிருந்தேன். மழைச் சத்தமும் பியானோவுமா அது பாட்டுக்கு ஓடிட்டிருந்தது. திடீர்னு ஒரு பீஸ் வந்தது பாருங்க... பேனாவைக் கீழே வெச்சுட்டேன். கீழேயிருந்து ஒரு நோட்டு எட்டி மேலே ஒரு நோட்டைத் தொடுது, தொட்டுட்டு மெல்ல இறங்குது. அவ்வளவுதான் விஷயம். ஆனா, யாரோ ரொம்ப நேரம் யோசிச்சுட்டு ஒரு வார்த்தை பேச ஆரம்பிக்கிற மாதிரியே இருந்தது. ஷோபானின் நாக்டர்ன், ஓபஸ் 9, நம்பர் 2-னு பேர் போட்டிருந்தது. மறுநாள் ஃப்ரெண்டுகிட்ட காட்டினேன். “சோப்பின்னா? ஏதும் சோப்பு கம்பெனியாடி?”ன்னா. அவளைத் திருத்துற அளவுக்கு எனக்கும் அன்னிக்குத் தெரியாது!

லீவில் உட்கார்ந்து கத்துக்கிட்டேன். கலர் கலரா கட்டைகள் மேலேயிருந்து விழும், விழுற இடத்தில் நாம அமுக்கணும்ங்கிற டைப் வீடியோ. மூணே வாரம். வீட்டில் அம்மா, பக்கத்து வீட்டு அக்கா எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டி ‘செம’ வாங்கியாச்சு. அசல் பியானோவில் ஒருதரம் வாசிச்சுப் பார்க்கணும்னு ஆசை வந்தது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டணும்னா தெருவுக்குத் தெரு பட்டறை உண்டு. பியானோவுக்கு எங்கே போறது? சேலத்தில் சர்ச் கொயரில் பாடுற கிளாஸ்மேட் ஒருத்திதான், அஸ்தம்பட்டி பக்கம் இருக்கிற டீச்சர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா.

டீச்சருக்கு எழுபது வயசு தாண்டியிருக்கும். நாற்பது வருஷம் சர்ச்சில் ஆர்கன் வாசிச்சவங்க. ஹாலில் சுவரை ஒட்டி நின்ன கறுப்பு பியானோவில் தங்க நிறத்தில் எழுதியிருந்த கம்பெனிப் பேர் பாதி அழிஞ்சு போயிருந்தது. மூடியைத் திறந்தா அந்துருண்டை வாசனை. அடியில் ஒரு சொம்புத் தண்ணி. “வெயில் காலத்தில் மரம் காயாம இருக்க” என்றார் டீச்சர்.

நான் ரெடியா உட்கார்ந்து வாசிச்சேன். கட்டை ஒவ்வொண்ணும் கல்லு மாதிரி கனம். முடிச்சுட்டு நிமிர்ந்தா டீச்சர் சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க: “நல்லா டைப் அடிக்கிறே கண்ணு. ஹையர் எழுதினா பாஸ் ஆயிடுவே.”

அன்னிக்கு பஸ்ஸில் நாமக்கல் வர்ற வரைக்கும் ஜன்னலைத்தான் பார்த்துட்டு வந்தேன். ஆனா, அடுத்த சனிக்கிழமையும் போய் நின்னேன். வெட்கமாவது, மானமாவது!

கீபோர்டில் எனக்குத் தெரியாம மறைஞ்சிருந்த விஷயம் அங்கேதான் புரிஞ்சது. என் கீபோர்டில் மெல்லத் தொட்டாலும் ஓங்கிக் குத்தினாலும் ஒரே சத்தம்தான். பியானோவில் கட்டையை அமுக்கினா உள்ளே கம்பளி சுத்தின ஒரு சின்ன சுத்தியல் எகிறிப்போய் கம்பியை அடிக்குது. நம்ம விரல் எவ்வளவு வேகத்தில் இறங்குதோ அந்த அளவுக்குத்தான் சத்தம். 88 கட்டைக்கு உள்ளே கம்பிகள் மட்டும் 200-க்கு மேல. அத்தனை கம்பிகளின் இழுவிசையையும் கூட்டினா கிட்டத்தட்ட 18 டன். எங்க ஊர் கணக்கில் சொன்னா, ஒரு பத்து வீல் லாரியில் ஏத்துற லோடு! அதைத் தாங்கத்தான் உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம் போட்டிருக்கு. அப்பாகிட்ட இதைச் சொன்னதும் அவர் முதல்தடவையா இந்த சப்ஜெக்ட்டில் வாயைத் திறந்தார். “பதினெட்டு டன்னா? சேஸிஸ் நல்லா போட்டிருப்பான்.” அவர் பட்டறையில் லாரி பாடி கட்டுறவர். அவருக்கு மரமும் இரும்பும் பேசினா காது கேட்கும்.

ஷோபான் பத்தி டீச்சர் கதை கதையா சொல்வாங்க. பிறந்தது 1810-ல், போலந்தில். 1830 நவம்பர் 2-ம் தேதி வார்ஸாவை விட்டுக் கிளம்பினார். அந்த மாசக் கடைசியிலேயே ரஷ்ய ஆட்சிக்கு எதிரா அங்கே கிளர்ச்சி வெடிச்சது. 1849-ல் பாரீஸில் கண்ணை மூடுற வரைக்கும் மனுஷன் சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. இந்த நாக்டர்னை எழுதினது அவர் ஊரைவிட்டுக் கிளம்பின அந்தக் காலத்தை ஒட்டித்தான். அச்சில் வந்தது 1832-ல். எழுதும்போது 20, 21 வயசுதான் இருக்கும். அதாவது என் வயசு! நான் அந்த வயசில் ஃபேர்வெல்லுக்கு சோக பிட்டு போட்டுட்டிருந்தேன்... சரி விடுங்க.

நாக்டர்ன்னா ராத்திரிக்கான இசை. இந்த வடிவத்தை முதலில் கொண்டுவந்தவர் ஜான் ஃபீல்டுங்கிற அயர்லாந்துக்காரர். ஷோபான் அதை எடுத்து எங்கேயோ கொண்டுபோயிட்டார். ஓபஸ் 9-ஐ அவர் சமர்ப்பணம் பண்ணினது மரீ ப்ளெயல்ங்கிற பெண் பியானோ கலைஞருக்கு. அவங்க வீட்டுக்காரர் பியானோ தயாரிக்கிற கம்பெனி நடத்தினவர். (கொடுத்து வெச்சவங்க. வீட்டுக்குப் பியானோ வேணும்னா அலைய வேண்டியதில்லை!)

மொத்தமே 34 பார்தான். நாலரை நிமிஷத்தில் முடிஞ்சுடும். அதுக்கு டீச்சர் என்ன பண்ணினாங்க தெரியுமா? ஒரு மாசம் என் வலது கையைக் கட்டைமேல வைக்கவே விடலை!

இந்த பீஸில் இடது கைக்கு ஒரே வேலை. ஒரு பாருக்கு 12 எண்ணிக்கை, மூணு மூணா நாலு கட்டு. நம்ம பாஷையில் திஸ்ரம். தகிட தகிட தகிட தகிட. ஒவ்வொரு ‘த’வுக்கும் கை கீழே போய் ஆழமா ஒரு நோட்டைத் தொடணும். ‘கி’க்கும் ‘ட’வுக்கும் மேலே தாவி வந்து ரெண்டு கார்டு. கை தாவும்போது அந்தக் கீழ் நோட்டு செத்துடக் கூடாது. அதுக்குத்தான் காலடியில் பெடல். மிதிச்சா, கம்பிகளை அமுக்கிப் பிடிச்சிருக்கிற கம்பளிக் கட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விலகிடும். நாம தொடாத கம்பிகளும் சேர்ந்து மெல்ல முனக ஆரம்பிக்கும். கார்டு மாறும்போது காலை எடுத்துட்டு மறுபடி மிதிக்கணும். லேட்டா எடுத்தா சாம்பாரும் பாயசமும் கலந்த மாதிரி ஆயிடும். என் கீபோர்டில் பெடலே கிடையாது. மூணு வாரத்தில் நான் கத்துக்கிட்டதா நினைச்ச பீஸில் பாதி, அதில் இருந்திருக்கவே இல்லை!

பஸ்ஸில், பட்டறையில், லேபில் எங்கே உட்கார்ந்தாலும் இடது கை தகிட போடும். ஒருநாள் ராசிபுரம் தாண்டி ஆண்டகளூர் கேட்டில் கண்டக்டர் என் பேக்கையே பார்த்துட்டு, “பாப்பா, உள்ளே எதுவும் உசிரோட இருக்குதா?”ன்னார்.

மாசம் முடிஞ்சு வலது கை சேர்ந்ததும் வந்தது அடுத்த வில்லங்கம். ரூபாட்டோ. இத்தாலிய வார்த்தை, ‘திருடினது’னு அர்த்தம். நேரத்தைத் திருடணும். ஒரு இடத்தில் தயங்கணும், இன்னொரு இடத்தில் கொஞ்சம் ஓடிப்போய் ஈடுகட்டணும். எனக்கு குஷியாயிடுச்சு. ஃபீல் பண்ணி இழு இழுன்னு இழுத்தேன். டீச்சர் ஸ்கேலால் மேஜையில் தட்டினாங்க. “அழறே கண்ணு, பாடலை.” தயங்குறது வலது கை மட்டும்தானாம். இடது கை அசையக் கூடாதாம். இடது கைதான் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துறவர் மாதிரின்னு ஷோபான் பாடம் எடுக்கும்போது சொல்வாராம். அவர்கிட்ட படிச்சவங்க எழுதி வெச்சிருக்காங்க. கச்சேரியில் பாடுறவர் வார்த்தையை இழுத்துப் பாடினாலும் மிருதங்கக்காரர் காலப்பிரமாணத்தை விடமாட்டார் இல்லையா, அப்படி. ஆனா, பாடுறவரும் நானே, மிருதங்கமும் நானே. ஒரு மூளை, ரெண்டு மனசு வேணும். சொல்லும்போது ஈஸி. வாசிக்க உட்கார்ந்தா வலது கை நிற்கும்போது இடது கையும் மரியாதையா கூடவே நிற்குது!

பாடுறதுன்னு சும்மா சொல்லலை. ஷோபான் தன்கிட்ட படிக்கிறவங்களை ஆப்பெராவில் பாடுறவங்களைப் போய்க் கேட்கச் சொல்வாராம். இதில் ஒரு வேடிக்கை இருக்கு. பியானோவால் பாடவே முடியாது. சுத்தியல் பட்ட அடுத்த நொடியிலிருந்து சத்தம் தேய ஆரம்பிச்சுடும். வயலின் மாதிரி ஒரு நோட்டை நடுவில் ஏத்தவும் முடியாது, கமகம் மாதிரி ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொண்ணுக்கு வழுக்கவும் முடியாது. அப்புறம் எப்படிப் பாடுற மாதிரி கேட்குது? தேயுற நோட்டின் மிச்சம் எவ்வளவு சத்தத்தில் இருக்கோ, அதே அளவில் அடுத்த நோட்டைத் தொடணும். காது ஏமாந்து ரெண்டையும் ஒண்ணா சேர்த்துக்கும். அதுவும் அந்த மெட்டு நாலு தடவை திரும்பி வரும். ஒவ்வொரு தடவையும் நடுவில் புதுசு புதுசா பொடி நோட்டுகள் சேரும். ஒரே வரியை சங்கதி மாத்தி மாத்திப் பாடுவாங்களே, கேட்டிருப்பீங்களே... அதேதான். எங்க அமுச்சி ஒருநாள் கேட்டுட்டு, “முதல்ல வந்ததுதானே இது? என்னமோ கொலுசு போட்டுட்டு வருது”ன்னாங்க. சேலம் வெள்ளிக் கொலுசு தெரிஞ்ச காதாச்சே!

சொந்தக்காரங்க வந்தாதான் பெரிய ரோதனை. “அந்தச் சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரம் மாதிரி வேகமா வாசிப்பியா?” 2019-ல் அமெரிக்க டி.வி. போட்டியில் அவர் வண்டு பறக்கிற பீஸை வேகத்துக்கு மேல் வேகமா வாசிச்சு பத்து லட்சம் டாலர் ஜெயிச்சதை ஊரே பார்த்தது. நானும் வாயைப் பிளந்து பார்த்தவதான். ஆனா, நான் வாசிக்கிறது மெதுவான பீஸ் மாமா, மெதுவாத்தான் இருக்கும்னு சொன்னா முகம் சுருங்கிடும். “அப்போ இன்னும் பழகலையா?” பண்ணைப்புரத்திலிருந்து வந்து, சென்னையில் தன்ராஜ் மாஸ்டர்கிட்ட மேற்கத்திய இசை படிச்சவர்தான் நம்ம இளையராஜா. 2025 மார்ச் 8-ம் தேதி லண்டனில் சிம்பொனியே அரங்கேற்றினார். அன்னிக்கு இதே மாமா ஸ்டேட்டஸ் வெச்சிருந்தார். அந்த இசையோட ஆனா, ஆவன்னாவை நான் படிச்சா மட்டும் ‘பீட்டர்’!

இதுக்கு நடுவில் அஞ்சாவது செமஸ்டரில் ஒரு அரியர் விழுந்தது. எந்த பேப்பர் தெரியுமா? சிக்னல்ஸ். ஒரு நோட்டுக்குள்ள எத்தனை அலைவரிசை ஒளிஞ்சிருக்குன்னு கணக்குப் போடுற அதே பேப்பர். பெடலை மிதிச்சா காதில் கேட்ட ஹார்மானிக்ஸ் எக்ஸாம் ஹாலில் கேட்கலை. வீட்டில் ரெண்டு நாள் யாரும் பேசலை. மூணாவது நாள் அம்மா, “சனிக்கிழமை சேலம் போறதை நிறுத்திக்கோ”ன்னாங்க. அப்பா சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே, “அது போகட்டும். அரியரையும் எழுதட்டும்” என்றார். அதுக்கு மேல அப்பீல் இல்லை.

பிப்ரவரியில்தான் டீச்சர் சொன்னாங்க. மகன் பெங்களூருக்குக் கூப்பிடுறாராம். மே மாசம் வீட்டைக் காலி பண்றாங்க. ஃப்ளாட் நாலாவது மாடி. லிஃப்டில் பியானோ போகாது. சொல்லிட்டு, கட்டைகள் மேல் போடுற சிவப்புத் துணியை மடிச்சுக்கிட்டே, “நீ எடுத்துக்கோ கண்ணு. காசெல்லாம் வேண்டாம்” என்றாங்க.

நான் வீட்டில் சொன்னதும் அப்பா டேப்பை எடுத்துட்டார். பட்டறை முடிஞ்சு வந்த மனுஷன், குளிக்கக்கூட இல்லை. வாசலை அளந்தார். முன் ரூம் சுவரை அளந்தார். டீச்சர் வீட்டுப் பியானோவின் நீள அகலத்தை என்னைப் போன் போட்டுக் கேட்கச் சொன்னார். “நிலை இடிக்கும். பரவால்ல, நிலையைப் பேர்த்துட்டு உள்ளே ஏத்திட்டு மறுபடி வெச்சுக்கலாம். ஒரு நாள் வேலை.” அம்மா தலையில் அடிச்சுக்கிட்டாங்க. நான் மேலே பார்த்தேன்.

எங்க வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஏப்ரல், மே மாசம் நாமக்கல் வெயில் 40 டிகிரி, கூரைக்குக் கீழே அதைவிட அதிகம். பியானோவில் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிறது உள்ளே இருக்கிற ஒரு மெல்லிசான மரப்பலகை. அது காய்ஞ்சா வெடிக்கும். கம்பியைச் சுத்தியிருக்கிற ஆணிகள் மரத்தில் பிடி விடும், சுருதி நிற்காது. சுருதி சேர்க்கிற ஆளை வெளியூரிலிருந்துதான் வரவழைக்கணும். அடுத்த வருஷம் பிளேஸ்மென்ட். நானே எந்த ஊரில் இருப்பேனோ? இதையெல்லாம் ராத்திரி முழுக்க யோசிச்சுட்டு, காலையில் அப்பாகிட்ட சொன்னேன். பலகை வெடிக்கும்னு சொன்ன இடத்தில் அவர் தலையை ஆட்டினார். அவருக்குத் தெரியாத மரமா? “சரி அம்மிணி.” டேப்பை டப்புனு சுருட்டி பாக்கெட்டில் போட்டார். நாலு பேர் ஆள் வேணும்னு முந்தின நாளே பட்டறையில் சொல்லி வெச்சிருந்தார்னு அப்புறம்தான் தெரிஞ்சது.

நான் சொன்னது சரியான பதில்தான். இன்ஜினீயரிங் படிக்கிற பொண்ணு சொல்லவேண்டிய பதில். ஆனா, அப்பா நிலையைப் பேர்த்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு இன்னும் சில ராத்திரி யோசிக்கிறேன்.

பியானோ ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போறதுன்னு முடிவாச்சு. குளுகுளு ஊர், மரத்துக்கும் நல்லது. கொண்டுபோய்ச் சேர்க்கிற பொறுப்பை அப்பா ஏத்துக்கிட்டார். அதுவரைக்கும் மூணு மாசம். சனிக்கிழமையோட ஞாயிறும் சேர்ந்துக்கிச்சு. மூணாவது தடவை மெட்டு வரும்போது வலது கை தயங்கி, இடது கை நிற்காம போன ஒரு சாயங்காலம் இருக்கே... ரெண்டே பார்தான். டீச்சர் ஒண்ணும் சொல்லலை. ஸ்கேலை எடுத்துட்டுப்போய் அலமாரியில் வெச்சுட்டு வந்தாங்க.

கடைசியில் ஒரு இடம் இருக்கு. அதுவரைக்கும் தகிட தகிடன்னு ஓடின இடது கை அங்கே ஒரு கார்டோட சும்மா காத்திருக்கும். வலது கை மட்டும் உச்சியில் நாலே நோட்டைத் திரும்பத் திரும்பச் சுத்தும். தாளமே கிடையாதுன்னு எழுதியிருக்கார். முதலில் மெதுவா, அப்புறம் வேகமா, மறுபடி தேஞ்சு தேஞ்சு... அது எனக்கு வரவே இல்லை. நாலாவது விரல் பலம் இல்லாத விரல். ஃப்ரெண்டு ஒருத்தி, விரலில் ரப்பர் பேண்டு மாட்டிப் பழகுடின்னா. டீச்சர் பதறிட்டாங்க. ஷோபான் பிறந்த அதே 1810-ல் பிறந்த ஷூமானுக்கு இளவயசிலேயே வலது கை விரல் வீணாப்போச்சு, பியானோ கலைஞராகிற ஆசையே அதோட முடிஞ்சதுன்னு சொன்னாங்க. ரப்பர் பேண்டைத் தூக்கிப் போட்டுட்டேன்.

மே மாசம். டீச்சர் முதல் நாளே பெங்களூரு கிளம்பிட்டாங்க. வண்டியில் ஏத்துறதைப் பார்க்க முடியாதுன்னு சொல்லலை. மகனுக்கு லீவு இல்லைன்னாங்க. நாங்க குட்டி யானையில் போனோம். 200 கிலோவுக்கு மேல் இருந்த பியானோவை அப்பாவும் பட்டறை ஆட்களும் பலகை சாய்ச்சு ஏத்தி, பழைய லாரி ட்யூபும் ஜமுக்காளமும் சுத்திக் கயிறு போட்டாங்க. அப்பா பின்னாடியே பியானோவைப் பிடிச்சுட்டு உட்கார்ந்துட்டார். நான் டிரைவர் பக்கத்தில். ஏற்காடு மலையில் 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் வண்டி திரும்பும்போது பின்னாடியிருந்து அத்தனை கம்பிகளும் சேர்ந்து ‘ங்ங்...’னு ஒரு முனகல். டிரைவர் பயந்துட்டார். “என்னங்க பாப்பா, உள்ளே எதுவும் உடையுதா?” இல்லீங்க அண்ணா, அது அப்படித்தான் மூச்சு விடும்னு சொன்னேன்.

இறக்கி வெச்சதும் பள்ளிக்கூட மேடம், “ரெண்டு வாரம் இந்தக் குளிருக்குப் பழகினதுக்கப்புறம்தான் சுருதி சேர்க்கணும்”னாங்க. நான் தயங்கித் தயங்கி, ஒருதரம் வாசிச்சுக்கட்டுமாங்கன்னு கேட்டேன். நாற்காலி இல்லை. அப்பா ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டார்.

சுருதி கலைஞ்சிருந்தது. கீழே ஒரு கட்டை இறங்கினா ஏறலை, ஒவ்வொரு தடவையும் விரலால் தூக்கிவிட வேண்டியிருந்தது. மெட்டு ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அந்த உச்சி இடம் வந்தது. சுத்தினேன். நடுவில் ஒரு நோட்டு தவறிச்சு, அதோடவே சுத்தினேன். அப்புறம் இடது கை திரும்பி வந்தது. ரொம்ப மெல்ல, மெல்லனு தேஞ்சு... கயிற்றைச் சுருட்டிட்டிருந்த அப்பா நிறுத்திட்டுப் பார்த்தார்.

“முடிஞ்சுதா அம்மிணி?”

“இல்லீங்கப்பா, கடைசிக் கார்டு இன்னும் இருக்கு.”